ஐந்து காமிராவிலும் ஹார்வி

மார்னி கங்காஸ் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள் என்பது அவள் தரப்புச் செய்தி. அனுப்பிவைத்தோம் என்பது பள்ளிக்கூடத்தின் தரப்பு. நடந்தது இதுதான்: ஒரு ஜனவரியில், பெரும்பனி கொட்டிய மறுநாள், தலைமையாசிரியரின் கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வெறும் பனியாலேயே இன்னொரு காரைச் செய்துவைத்தார்கள், அவளும் வகுப்புத் தோழன் டெல்மர் லாக்ஸோவும். கண்ணாடி, பின்விளக்கு, கூரைக் கம்பி எல்லாம் உண்டு. நிஜக் காரைச் சாதாரணப் பனிமேடு மாதிரி தட்டி மறைத்துவிட்டார்கள். மனிதர் சாயங்காலம் மண்வாரியோடு வந்து பனிக்காரைத் தோண்டினார். நடுவயிறு வரைக்கும் தோண்டினார். உள்ளே கார் இல்லை என்று தெரிந்தபோது அவர் நின்ற நிலையை டெல்மர் பல வருஷம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் மார்னி பஸ் ஓட்டுகிறாள். வயது முப்பதைத் தொட்டுவிட்டது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொட்டுவாள், மாலையில் அள்ளிக்கொண்டு வருவாள். நடுவில் கிடைக்கும் நேரத்துக்கு ஆல்டர் கிரீக் நூலகத்தில் ஹீட்டரை ஒட்டிய நாற்காலி அவளுடையது. அங்கே உட்கார்ந்து, இணையத்தில் சும்மா கிடைத்த பாடம் ஒன்றை வைத்துக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் படித்தாள். எதுக்கு இது என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாள். நிஜக் காரணம், பஸ்ஸிலேயே உட்கார்ந்து காத்திருந்தால் கால்விரல் விறைத்துப்போகும் என்பதுதான். படிப்பு அப்புறம்தான் பிடித்தது.

டெல்மரின் கதை வேறு திசையில் போனது. அவனுக்குக் குடும்பத்தில் வருகிற கண்நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை. பிறகு எல்லாமே ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆனது. போன வருஷம் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. மர அறுவை ஆலையில் இருந்த வேலை அதற்கு முன்பே போய்விட்டது. அதுவரை ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் அத்தோடு வாயை மூடிக்கொண்டான். கதவைத் தட்டினால் திறப்பதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை. மார்னி ஒரு தடவை பாஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டி சுட்டு, சூடு ஆறாமல் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் தட்டு கழுவிய நிலையில் அதே இடத்தில் இருந்தது. நல்லா இருந்தது என்றோ, உப்பில்லை என்றோ ஒரு சொல் கிடையாது. அவளுக்கு உப்பில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் இருக்கும் அவன் அக்கா டானா, நவம்பர் கடைசியில் வான்கோழி சமைத்து உண்ணும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த கையோடு வந்து அவனை ஒரேயடியாக அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. வீட்டு முன்னால் விற்பனைப் பலகைகூட நட்டாகிவிட்டது. மார்னி தினமும் காலையும் மாலையும் அந்தப் பலகையைக் கடந்து பஸ் ஓட்டினாள். ஒரு நாள் இறங்கிப்போய் அதைப் பிடுங்கி, பக்கத்து வீட்டு முற்றத்தில் நட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு விலை கேட்டு இரண்டு போன் வந்ததுதான் மிச்சம். பலகை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

அவன் போகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியவில்லை. கேலி கலக்காமல் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றையும் பேசிப் பழகியதில்லை.

இந்த நிலையில்தான் ஹார்வி ரான்டா நூலகத்துக்குள் வந்தார். நூலகத்துக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவர். ஓய்வு பெற்ற பனிவாரி வண்டி ஓட்டுநர். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத உடம்பு. சங்கத்துக்குச் சொந்தமாக ஐந்து காட்டுக் காமிராக்கள் ஓடையோரம் மரங்களில் கட்டியிருந்தன. எதிரே எது அசைந்தாலும் அவை படம் எடுத்து, காமிராக் கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பிவிடும். மான் வேட்டை தொடங்கும் நவம்பர் நெருங்க நெருங்க, சங்கத்து ஆட்களுக்கு அந்தப் படங்களைப் பார்க்காமல் சாப்பாடு இறங்காது.

"ஏம்மா மார்னி, நீ ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே. இந்தப் படத்தையெல்லாம் எல்லாரும் வீட்லருந்தே பாக்குற மாதிரி ஒரே இடத்துல போட முடியுமா?"

"போடலாம். என்ன தருவீங்க?"

"மரியாதை தருவேன்."

"அது உங்ககிட்ட எப்பவோ தீந்துபோச்சு ஹார்வி. வெள்ளிக்கிழமை சங்கத்து மீன் வறுவல் விருந்துல எனக்கு ரெண்டு தட்டுன்னு வெச்சுக்குங்க."

அந்தக் காமிராக் கம்பெனி ஏபிஐ என்று ஒன்று வைத்திருந்தது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். காரைவிட்டு இறங்காமல் பர்கர் வாங்குகிற ஜன்னல் மாதிரிதான் அது. இன்ன சங்கம், இன்ன காமிரா, கடைசியாக வந்த இருபது படம் என்று முறையாகக் கேட்டால் உள்ளேயிருந்து பை வரும். பைக்குள் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும், எடுத்த நேரமும் இருக்கும். அந்த முகவரியை இணையப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் படத்தை ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவது உலாவியின் பாடு.

மார்னி செய்த முதல் தப்பு எல்லாரும் செய்கிற தப்பு. ஜன்னலில் கேட்டுவிட்டு, பை கைக்கு வருமுன்னே வண்டியைக் கிளப்பிவிட்டாள். திரையில் படத்துக்குப் பதிலாக, படம் பின்னால் வரும் என்ற உறுதிமொழி மட்டும் வந்து நின்றது. "எங்க அப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டே இருந்தாரு" என்று அவள் உரக்கச் சொன்னதற்கு நூலகர் உஷ் என்றார். காத்திரு என்ற கட்டளையைச் சரியான இடத்தில் சேர்த்த பிறகு, சதுரம் சதுரமாகப் படங்கள் வந்து இறங்கின. மான், மான், ரக்கூன், மறுபடி மான், யாருமே இல்லாத பனி. மார்னி திரைக்கு நெருங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையால் கேட்டு, தன் கையால் வந்த முதல் படங்கள். நூலகர் உஷ் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

பாடத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். படம் வராமல் போனால் அந்த இடத்தில் அந்த வரி தெரியும். கண் தெரியாதவர்களுக்குக் கணினி அந்த வரியைத்தான் வாய்விட்டு வாசித்துக் காட்டும். எழுதாமல் விட்டால் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மார்னிக்கு முணுமுணுப்பு ஆகாது. அதன் வாயை அடைப்பதற்காகக் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாள்:

ஹார்வி ரான்டா, சட்டையில்லாமல், மானைத் தேடுகிறார்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இணையப் பக்கம் எழுதுகிறவர்களின் உலகமே இந்தப் 'பிறகு' என்ற சொல்லை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறது. படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுகிற சுற்றுக்குள்ளே அந்த வரி இருந்ததால், எத்தனை படம் வந்ததோ அத்தனைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பக்கம் வெளியானது; சங்கத்துப் பேரேட்டில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும், வீட்டைவிட்டு வராத பழைய உறுப்பினர்களுக்கும்கூட, அதன் முகவரி போயிற்று. எல்லாருக்கும் படம் ஒழுங்காகத் தெரிந்தது. வரி ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவளும் மறந்துபோனாள்.

கண் தெரியாதவர்கள் என்று பாடத்தில் படித்தபோது அவளுக்கு டெல்மர் ஞாபகமே வரவில்லை. அவனை அந்தப் பேரில் அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை, சங்கக் கூடத்தில் மீன் வறுவல். மார்னி இரண்டாவது தட்டில் இருந்தபோது ஹார்வி எதிரே வந்து உட்கார்ந்தார். காதுகள் சிவந்திருந்தன.

"டெல் எனக்கு போன் பண்ணான்."

மார்னி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த டெல்?"

"ஊர்ல எத்தனை டெல் இருக்கான்? லாக்ஸோ பயதான். ஒரு வருஷமா யாருக்கும் போன் பண்ணாதவன் எனக்குப் பண்றான். என்ன கேட்டான் தெரியுமா? 'ஹார்வி, வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு, லொரெய்ன்கூட ஏதும் சண்டையா'ன்னான். இல்லியேப்பான்னேன். 'விடியக்காலம் மூணு மணிக்கு ஓடைப் பக்கம் சுத்துறீங்கபோல. தப்பா எடுத்துக்காதீங்க, சட்டை போட்டுக்கிட்டுப் போங்க, இந்தக் குளிருல நெஞ்சுல சளி கட்டிக்கும்'ங்கறான்."

மேஜை முழுக்கச் சிரித்தது. ஹார்வியின் மனைவி லொரெய்ன் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "மூணு மணிக்கு எங்க போனே?"

"எங்க போவேன், உன் பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

"நான் தூங்கறப்ப பக்கத்துல யார் இருக்கா, யார் இல்லன்னு எனக்கென்ன தெரியும்."

ஹார்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மார்னியிடம் குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சிரிப்பு வரலம்மா. தனியாவே கெடந்து கெடந்து பயலுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நெனக்கிறேன். தாங்க்ஸ்கிவிங் வரைக்கும் விடக் கூடாது. நாளைக்குக் காலையிலயே அவன் அக்காவுக்கு போன் போட்டு, உடனே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

மார்னி தண்ணீர் டம்ளரை எடுத்தாள். சும்மா இருந்துவிடலாம். இரவோடு இரவாக அந்த வரியை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. டெல்மர் பைத்தியம் என்ற பேரோடு ஊரைவிட்டுப் போவான். அவளுடைய இணையப் பக்கம் தப்பித்துக்கொள்ளும். அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

"ஹார்வி, அவனுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. பேதலிச்சது எனக்குத்தான்."

போனில் பக்கத்தைத் திறந்து, படங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைக் காட்டினாள். ஹார்வி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இது எப்பலேருந்து இப்படிச் சொல்லுது?"

"முத நாள்லேருந்து."

"எந்தக் காமிராவுல?"

"அஞ்சுலயும்."

"எல்லாப் படத்துலயுமா?"

"ரக்கூன்கூட நீங்கதான்."

இப்போது லொரெய்ன் சிரிக்க ஆரம்பித்தாள். அது சுலபத்தில் நிற்கிற சிரிப்பாக இல்லை. பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் வந்து அவள் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. ஹார்வி எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது சரியா இருக்கணும். இல்லன்னா பக்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம், பழையபடி நடந்துபோயே பாத்துக்கறோம்."

"டானாவுக்கு போன் பண்ணுவீங்களா?"

"எதுக்குப் பண்ணணும்? பைத்தியம் இங்கதானே உக்காந்து மீன் திங்குது."

மறுநாள் காலை மார்னி டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

"டெல், கதவைத் திற. ஹார்வி விஷயமா வந்திருக்கேன்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து ஒரு குரல்: "சட்டை போட்டிருக்காரா?"

மார்னி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை.

டெல்மர் இளைத்திருந்தான். தாடி தறிகெட்டு வளர்ந்திருந்தது. சமையலறை மேஜையில் கணினி திறந்திருந்தது. அவன் ஒரு விசையைத் தட்டினான். உணர்ச்சியே இல்லாத ஒரு பெண்குரல் வாசித்தது: காமிரா நான்கு. அதிகாலை மூன்று பத்து. படம். ஹார்வி ரான்டா, சட்டையில்லாமல், மானைத் தேடுகிறார். காமிரா நான்கு. அதிகாலை மூன்று பதினொன்று. படம். ஹார்வி ரான்டா—

"போதும், நிறுத்து."

"எனக்கும் மொத நாளே போதும்னுதான் இருந்துச்சு."

"நெஜமாவே நம்பினியா?"

"மொத நாள் நம்பினேன்டி. வயசாச்சு, ஏதோ வேண்டுதல்போலன்னு நெனச்சேன். ரெண்டாவது நாள் ஒண்ணாம் காமிராவுலயும் அஞ்சாம் காமிராவுலயும் ஒரே நிமிஷத்துல நிக்கறாரு. அவரு சவ்னா நீராவி அறையிலேருந்து வெளிய வந்து பனியில நாலடி வெக்கறதுக்குள்ள மூச்சு வாங்குவாரு. அப்பவே புரிஞ்சிருச்சு, இது உன் கைவரிசைன்னு."

"தெரிஞ்சுமா அவருக்கு போன் பண்ணே?"

"ஆரம்பிச்சு வெச்சுட்டு அப்படியே வுட்டுட்டே. முடிச்சுவெக்க ஒரு ஆள் வேணாமா."

மார்னிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் சத்தம் உண்டு என்பதால் அதை மட்டும் வெளியே விட்டாள். பிறகு கேட்டாள்: "அதான் பொய்னு தெரிஞ்சுபோச்சே. அப்புறமும் எதுக்கு தெனம் தொறக்கறே?"

டெல்மர் கணினியின் மூடியைத் தடவினான்.

"ஒரு படத்துலயாவது நெசத்தைச் சொல்ல மாட்டியான்னுதான்" என்றான்.

மார்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கணினியைத் திறந்து முதல் படத்தை எடுத்தாள்.

"மான்."

"மான்னு தெரியும். எங்க நிக்குது?"

"மரத்துப் பக்கத்துல."

"காட்டுல மரத்துப் பக்கத்துல. ரொம்பத் தெளிவா இருக்கு. எழுதிக்கோ."

"சும்மா இருடா. வளைஞ்ச பிர்ச் மரம் ஒண்ணு இருக்கு, அதுக்கு இந்தப் பக்கம். கிடா. முன்னங்கால் ரெண்டும் தண்ணியில. ஓரத்துல மட்டும் ஐஸ் பிடிச்சிருக்கு. தலையைத் திருப்பி நம்மளைப் பாக்குது."

"எப்படிப் பாக்குது?"

மார்னி உற்றுப் பார்த்தாள். இந்தப் படத்தைப் பல தடவை திரையில் ஓடவிட்டிருக்கிறாள், பார்த்தது இப்போதுதான். "குளிச்சுக்கிட்டு இருக்கறப்ப யாரோ கதவைத் தொறந்துட்ட மாதிரி."

டெல்மரின் தாடிக்குள்ளே வாய் அசைந்தது. "இது தெரியுது எனக்கு. இதை அப்படியே போடு."

மத்தியானம் வரை உட்கார்ந்து போட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் சண்டை. இடது என்றால் மானுக்கு இடதா நமக்கு இடதா என்று ஒரு சண்டை. நரியை அழகு என்று எழுதியதற்கு, அழகுன்னா எனக்கு என்னடி வெளங்கும், வாலைச் சொல்லு என்று ஒரு சண்டை. கிளம்பும்போது மார்னி கேட்க நினைத்ததைக் கேட்டாள். "டானா எப்ப வர்றா?"

"சொன்ன தேதிக்கு வர்றா."

அவ்வளவுதான் சொன்னான். அவளும் அதற்கு மேல் தோண்டவில்லை.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. வரிகளை ஒரு தடவை எழுதினால் தீராது. காமிராக்கள் ஓய்வதில்லை, புதுப்படம் வந்துகொண்டே இருக்கும். பஸ் ஓட்டுகிறவளால் எல்லாவற்றுக்கும் எழுத முடியாது. எனவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். சங்கத்தில் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் அதில் ஒரு வரி தட்டலாம். தட்டியது படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவரும் செய்ய மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். முதல் வரியே ஹார்வியிடமிருந்து வந்தது: பெட்டை மான் இரண்டு, குட்டி ஒன்று. நான் இந்தப் படத்தில் இல்லை. லொரெய்ன் பின்னால் நின்று எழுதவைத்திருக்க வேண்டும்.

மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். அரைகுறையாக எழுதியவர்களுக்கு டெல்மரிடமிருந்து போன் போயிற்று. கொம்பில் முனை எத்தனை, பனியில் தடம் புதுசா பழசா, எழுதுறதுன்னா ஒழுங்கா எழுதுங்கப்பா, இல்லன்னா பக்கத்துல இருக்கற பேரப்புள்ளைகிட்ட குடுங்க. ஏச்சு வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமை கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மான் வேட்டை தொடங்கிய வாரம் ஆள்மாற்றி ஆள் டெல்மர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எந்த ஓடைப் பக்கம் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் கதவைத் திறந்தான்.

தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாள். பள்ளிக்கூட வாசலில் மார்னியின் பஸ், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கையுறையைத் தொலைத்துவிட்டுத் தேடப் போன ஒரு பையனுக்காக நின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது.

"ரெண்டாம் காமிரா" என்றான் டெல்மர், எடுத்த எடுப்பில். "இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு. வரி காலியா இருக்கு. எல்லாப் பயலுகளும் கடைக்குப் போய்ட்டானுங்கபோல."

"பஸ்ஸுல இருக்கேன்டா."

"நின்னுக்கிட்டுதானே இருக்கே. பின்னாடி பட்டாளமே கத்துதே, அதுங்களைக் கேளு."

மார்னி போனில் பேச்சைச் சத்தமாக வைத்து, படத்தைத் திறந்து, முதல் வரிசையில் இருந்த வயலெட் என்ற சிறுமியிடம் கொடுத்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் குவிந்தன.

"கோழி" என்றாள் வயலெட்.

"கோழி இல்ல, காட்டு வான்கோழி" என்றது ஒரு குரல்.

"முழுசாத் தெரியல. மூஞ்சி மட்டும்தான். காமிராவைக் கொத்துது."

"என்ன கலரு மூஞ்சி?" என்று டெல்மர் கேட்டான்.

"நீலம். கழுத்துல செவப்பா தொங்குது, பழைய சாக்ஸ் மாதிரி."

"ஈர சாக்ஸா, காஞ்ச சாக்ஸா?"

பஸ்ஸுக்குள் தீவிரமான ஆலோசனை நடந்தது. ஈரம் என்று முடிவாயிற்று.

"கோவமா இருக்கா அது?"

"இல்ல" என்றாள் வயலெட், யோசித்து. "நாளைக்கு என்ன நாள்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

போனுக்குள் டெல்மர் சிரித்தான். நன்றாக, பழைய அளவுக்கு. பிறகு, "மார்னி இருக்காளா?" என்றான்.

"இருக்கேன்."

"டானாகிட்ட பேசிட்டேன். நாளைக்கு வர்றா. சாப்புட்டு, ரெண்டு நாள் இருந்துட்டு, அவ மட்டும் திரும்பிப் போவா. வசந்தம் வரட்டும், அப்ப பாப்போம்னு சொல்லியிருக்கேன். அவளுக்குக் கோவந்தான். நீயும் வந்தா அந்தக் கோவத்தைப் பாதியா பிரிச்சுக்கலாம்."

மார்னி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். தேடப் போன பையன் இரண்டு கையிலும் வெவ்வேறு நிறக் கையுறையோடு ஓடிவந்துகொண்டிருந்தான்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"ரெண்டு மணிக்கு. வர்றப்ப பாஸ்டி எடுத்துட்டு வராதே. அதுல உப்பே இருக்காது."

வயலெட் இதையெல்லாம் கவனிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பெட்டியில் வான்கோழியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கிற வரைக்கும் மார்னி வண்டியை எடுக்கவில்லை.